அந்திப்பழுப்பனின் விலாசம்

அத்தியாயம் 6

உலகம்மை துப்பறியும் நிலையத்துக்குக் காணாமல் போன ஆட்களைத் தேடி வருகிறவர்கள் குறைவு. தென்காசியில் யாரும் அவ்வளவு தூரம் காணாமல் போவதில்லை. வருகிறவர்களில் பாதிப் பேர் பெண்ணைப் பெற்றவர்கள். மாப்பிள்ளை குடிக்கிறானா, சொன்ன வேலையில்தான் இருக்கிறானா, முன்னால் ஒரு கல்யாணம் உண்டா என்று விசாரித்துச் சொல்ல வேண்டும். மீதிப் பேர் கீழே உள்ள ஜெராக்ஸ் கடைக்கு வந்து, தெரியாமல் மாடிப்படி ஏறியவர்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு நனைந்த மழைக்கோட்டுடன் வந்து நின்ற பெண்ணை உதவியாளர் ஜோயல் இரண்டாவது வகையில் சேர்த்தான்.

"ஜெராக்ஸ் கீழ இருக்கு."

"தெரியும். நான் துப்பறியத்தான் வந்தேன்."

உலகம்மை கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். நாற்பத்திரண்டு வயது. பன்னிரண்டு வருடம் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆய்வக உதவியாளராக இருந்தவள். தவளைகளை அறுத்துக் கொடுத்ததைவிட மாப்பிள்ளைகளை விசாரிப்பது சுலபம் என்பது அவள் கருத்து.

"உக்காரும்மா. யாரைப் பத்தி விசாரிக்கணும்?"

"ஒரு பட்டாம்பூச்சியப் பத்தி."

ஜோயல் நோட்டைத் திறந்தான். எதற்கும் திறந்துவிடுவான். "பேரு, வயசு, சொந்த ஊரு சொல்லுங்க."

"பேரு அந்திப்பழுப்பன். வயசு சில வாரம். ஊருலதான் பிரச்சினை."

அவள் பெயர் அபர்ணா. ஊர் சிவகிரி. இரண்டு வருடமாகக் குற்றாலம் மலையில் பட்டாம்பூச்சி ஆராய்ச்சி செய்கிறாள். மழைக்காட்டில் மட்டும் வாழும் இந்த அபூர்வப் பூச்சியை மேலமலை எஸ்டேட்டின் ஓடைக்கரையில் கண்டு, படம் எடுத்து, பதிவு செய்ய விண்ணப்பம் கொடுத்தாள். சரிபார்க்க ஒரு குழு வந்தது. ஆராய்ச்சி செய்தவள் உடன் வரக் கூடாது என்பது விதி. குழு தானாகப் போய்ப் பார்த்துவிட்டு, படம் வேறெங்கோ எடுத்தது, பதிவு போலி என்று அறிக்கை தயாரித்துவிட்டது.

"இன்னைக்கு மூணு மணிக்குக் குற்றாலம் கெஸ்ட் ஹவுஸ்ல கடைசி விசாரணை. தலைவர் கையெழுத்துப் போட்டுட்டார்னா என் ஆராய்ச்சி ரத்து. பொய் சொன்னவன்னு பேரு வந்துட்டா வேற எங்கயும் சேத்துக்க மாட்டாங்க. அடுத்த மாசம் அந்த ஓடைக்கரையில ரிசார்ட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுறாங்க. அந்தப் பூச்சி அங்கன மட்டுந்தான் இருக்கு."

"குழு எந்த இடத்தப் பாத்தாங்க?"

அபர்ணா ஒரு படத்தை மேசையில் வைத்தாள். வறண்ட செம்மண். முள். நாலைந்து ஈச்ச மரங்கள். ஓர் ஆடு.

"இது கீழப்பாவூர் போற வழியில்லா?" என்றான் ஜோயல். "இந்த ஆட்டக்கூட நான் பாத்திருக்கேன்."

"விண்ணப்பத்துல இடம் ஈச்சங்காடுன்னு இருக்கு. நான் எழுதினது ஈத்தக்காடு. கையால எழுதி டைப் அடிக்கக் கொடுத்தேன். அடிச்சு வந்ததுல இப்படி மாறியிருக்கு. கவனிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்."

"படிச்சுப் பாக்கலையா?"

"அறிவியல் பேரெல்லாம் எழுத்து எழுத்தாப் பாத்தேன். தமிழத்தான் பாக்கல."

"செல்போன்ல எடுத்த இடம் பதிவாகியிருக்குமே?" என்றான் ஜோயல்.

"அத அழிச்சுட்டேன். இடம் வெளிய தெரிஞ்சா பிடிச்சு விக்க ஆள் வந்துரும். விண்ணப்பத்துலயும் அதனாலதான் ஊர்ப்பேரு மட்டும் போட்டேன்."

"பூச்சியப் பத்திரமா வச்சுட்டு நீங்க மாட்டிக்கிட்டீங்க."

உலகம்மை பேனாவை எடுத்தாள். அவளுக்குத் தெரிந்த விசாரணை ஒன்றுதான். அதையே தொடங்கினாள்.

"பையன் என்ன சாப்பிடுவான்?"

"புழுவா இருக்கையில ஈத்த இலை. ஈத்தைங்கிறது ஓடைக்கரையில நாலு ஆள் உயரத்துக்குப் புதரா வளரும். மூங்கில் இனம், ஆனா மெல்லிசு. வளந்தப்புறம் அது என்ன சாப்பிடுதுன்னு எனக்கு நிச்சயமாத் தெரியாது. பூப் பக்கம் போய் நான் பாத்ததில்ல."

"தூங்குறது?"

"அதே ஈத்தப் புதருக்குள்ள."

"வெளிய போற நேரம்?"

"விடியறப்போ கொஞ்சம், பொழுது சாயறப்போ கொஞ்சம். பகல்ல வெளியவே வராது."

"வேலை வெட்டி இல்லாத மாப்பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே ஜோயல் எழுதினான். "சொந்த வீடு உண்டு, அத விட்டு நகர மாட்டாரு. குடும்பத்துக்கு ஏத்தவருதான்."

"எஸ்டேட்டுக்குள்ளதான் இருக்குன்னு குழுகிட்டச் சொல்ல வேண்டியதுதானே?" என்றாள் உலகம்மை.

"சொன்னேன். மாட்டுனப்புறம் இடத்த மாத்திச் சொல்றேன்னுட்டாங்க. எஸ்டேட்ல கேட்டதுக்கு இந்தக் கடிதம் வந்துது. ரிசார்ட் பேச்சு வந்ததுலேர்ந்து என்னையும் கேட்டுக்குள்ள விடல."

மேனேஜர் குற்றாலிங்கம் கையெழுத்திட்டிருந்த கடிதத்தில் ஒரே வரி. மேற்படி எஸ்டேட் எல்லைக்குள் மூங்கில் இனத் தாவரம் எதுவும் இல்லை.

"கீழப்பாவூருக்குக் குழுவக் கூட்டிட்டுப் போனது யாரு?"

"அவருதான். ஜீப் தாரேன்னு அவரே வந்தாராம்."

உலகம்மை எழுந்தாள். "ஏலே ஜோயலு, வண்டிய எடு. டைப் அடிச்சவர முதல்ல பாப்போம்."

"எஸ்டேட்காரன் கவர் கொடுத்து எழுத்த மாத்தியிருப்பான்க்கா" என்றான் ஜோயல் படியிறங்கும்போது. "ரெண்டு எழுத்துக்கு என்ன ரேட்டோ."

*

தட்டச்சு நிலையம் காசி விசுவநாதர் கோயிலுக்குத் தெற்கே, ஒரு சந்தில் இருந்தது. பலகையில் 'தமிழ், ஆங்கிலம் தட்டச்சு செய்யப்படும். பிழைதிருத்தம் இலவசம்' என்று எழுதியிருந்தது. உள்ளே சிவசுப்பிரமணியன் உட்கார்ந்திருந்தார். எழுபத்தொரு வயது, ஓய்வு பெற்ற தமிழாசிரியர். கணினிக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனா. அதன் மூடி திறந்தே இருந்தது.

அபர்ணாவை வாசலில் நிறுத்திவிட்டு, உலகம்மை ஒரு தாளை மட்டும் நீட்டினாள். வேறொரு கேஸுக்காக ஜோயல் எழுதிய மாப்பிள்ளை அறிக்கை.

"இத அடிச்சுத் தரணும் சார்."

அவர் படித்தார். முகம் சுருங்கியது. சிவப்புப் பேனா இறங்கியது.

"'நேத்து சாயந்தரம் காத்து வாங்கப் போனவரு சேத்துல விழுந்து எந்திச்சாரு.' இதை எழுதியது யார்?"

"நான்தான் சார்" என்றான் ஜோயல்.

"எங்கே படித்தாய்?"

"படிச்ச இடத்தச் சொன்னா பள்ளிக்கூடத்துக்குக் கேவலம் சார்."

அவர் மூன்று சொற்களைச் சுழித்து, மேலே நேற்று, காற்று, சேற்றில் என்று எழுதினார். பிறகுதான் கணினிப் பக்கம் திரும்பினார். உலகம்மை அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்துத் தாள்லயே திருத்திட்டுத்தான் அடிப்பீங்களா சார்?"

"நாற்பது வருடப் பழக்கம்."

"அந்தத் தாள அப்புறம் தூரப் போட்டுருவீங்க."

"ஏன் போட வேண்டும்? ஆண்டுவாரியாகக் கட்டி வைத்திருக்கிறேன். இந்த மாவட்டத்தின் எழுத்துப்பிழைகளைப் பற்றி ஒரு நூல் எழுதும் எண்ணம் இருக்கிறது."

ஜோயல் சுவரோரம் பார்த்தான். கட்டுகள் கூரைவரை இருந்தன. "ஒரு நூல்ல அடங்காது சார்."

உலகம்மை அபர்ணாவை உள்ளே கூப்பிட்டாள். மார்ச் மாதக் கட்டு இறங்கியது. மூன்றாவது நிமிடத்தில் தாள் கிடைத்தது. அபர்ணாவின் சிறிய கையெழுத்து. 'இடம்: ஈத்தக்காடு'. சிவப்பு வட்டம். மேலே, அழகான கையெழுத்தில், 'ஈச்சங்காடு'.

"நினைவிருக்கிறது" என்றார் சிவசுப்பிரமணியன். குரலில் குற்ற உணர்வே இல்லை. "படித்த பெண்கள் செய்கிற பிழை. அடிச்சது என்று பேசுவதை அடித்தது என்று எழுத வேண்டும், வச்சதை வைத்தது என்று எழுத வேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். அதே வேகத்தில் ஈச்சையையும் ஈத்தை ஆக்கிவிடுகிறார்கள். நான் மீட்டுக் கொடுத்தேன்."

ஜோயல் உலகம்மையின் காதருகே குனிந்தான். "அக்கா, இவரு கவர் வாங்குற ஆளு இல்ல. கவர்ல எழுதியிருக்கிற விலாசத்தத் திருத்துவாரு."

உலகம்மை ஜோயலின் அறிக்கையை எடுத்து அவர் முன் வைத்தாள்.

"சார், பேச்சுல காத்துன்னா எழுத்துல?"

"காற்று."

"நேத்து?"

"நேற்று. இப்போதுதானே திருத்தினேன்?"

"அப்ப பேச்சுல ஈத்தைன்னா?"

அவர் தான் திருத்திய மூன்று சொற்களின் மேல் விரலை ஓட்டினார்.

"ஈற்றை" என்றார். "அப்படி ஒன்று இருக்கிறதா?"

"செங்கோட்டைக்கு மேக்க மலையாளத்துல ஈற்றன்னுதான் சொல்லுவாங்க சார்" என்றாள் அபர்ணா. "இங்கன ஈத்தை. மூங்கில் இனம்."

"எங்கள் உடன்குடிப் பக்கம் பனை உண்டு, ஈச்சை உண்டு. இது கிடையாது."

"மழையும் கிடையாதுல்லா சார்" என்றான் ஜோயல்.

சிவசுப்பிரமணியன் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, 'அறியாமையால் யான் இழைத்த பிழை' என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம் எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டார். அதை மூன்று முறை படித்துப் பார்த்ததால் இருபது நிமிடம் கூடுதலாக ஆனது.

*

குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. பழக்கடை வரிசையில் வண்டியை நிறுத்தினார்கள். மணி ஒன்றரை. அபர்ணா முதல்முறையாகச் சிரிக்கப் பார்த்தாள்.

"இதக் காட்டுனா போதும்லா அக்கா?"

"பத்தாது. நீ ஈத்தைன்னு எழுதுனங்கிறதுக்குத்தான் இது ஆதாரம். அங்கன ஈத்தை இருக்குன்னு எங்க இருக்கு? மேனேஜர் இல்லன்னு எழுதிக் கொடுத்திருக்காருல்லா."

அபர்ணா முகம் பழையபடி ஆனது. ஜோயல் ரம்புட்டான் ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டான். அது மூன்றாவது.

"தின்னு தின்னு பாக்கீயளே, வாங்குவீயளா மாட்டீயளா?" என்றாள் கடைக்காரி சங்கரம்மாள்.

"ருசி பிடிபடலக்கா. பிடிபட்டதும் சொல்லுதேன்."

உலகம்மை பழத்தைப் பார்க்கவில்லை. பழம் இருந்த கூடையைப் பார்த்தாள். மெல்லிய, பச்சை மாறாத பட்டைகளால் பின்னியது. விரலால் அமுக்கினாள். வளைந்து திரும்பி வந்தது.

"இது என்ன கூடைக்கா?"

"ஈத்தக்கூடை. எஸ்டேட்லேர்ந்து பழம் வாரது இதுலதான். கூடையத் திருப்பிக் கொடுக்கலன்னா குற்றாலிங்கம் அண்ணாச்சி வஞ்சு தீத்துருவாரு."

"எங்க முடையுதாங்க?"

"அங்கனயே வெட்டி அங்கனயே முடையுதாங்க. ஈத்தக்காடு அவியளதுல்லா."

அபர்ணா ஒரு எட்டு முன்னால் வந்தாள். "அக்கா, இத மூணு மணிக்கு ஒரு ஆபீசர்கிட்ட வந்து சொல்லுவீங்களா?"

சங்கரம்மாள் ஈரத் துணியால் பலகையைத் துடைத்தாள். துடைத்து முடிக்க நேரம் எடுத்துக்கொண்டாள்.

"சொல்லுதேன். சொல்லிட்டா நாளைக்கு எனக்குப் பழம் யாரு போடுவா?"

உலகம்மை ஒரு கிலோ ரம்புட்டான் வாங்கினாள்.

"வேற சாட்சி வேணும்" என்றாள் நடந்துகொண்டே. "அந்த ஈத்தைய நல்லாத் தெரிஞ்ச ஆளா, தலைவருக்கு முன்னால பேசுற ஆளா."

"அப்படி ஒருத்தருதான் இருக்காரு. குற்றாலிங்கம்" என்றான் ஜோயல்.

"அவருதான்."

"அவரு இல்லன்னு எழுதிக் கொடுத்தவருக்கா."

"எழுதினது மூங்கில் இனத் தாவரம்னு. அவரு வாயில அந்த வார்த்தை என்னைக்காவது வந்திருக்குமா? அது வக்கீல் தமிழ். அவரு தமிழ்ல இன்னும் யாரும் அவருகிட்டக் கேக்கல." உலகம்மை நின்று ஜோயலைப் பார்த்தாள். "உனக்கு அடுத்தவங்கள மட்டந்தட்டிப் பேச வருமா?"

"பொழப்பே அதுதானக்கா."

*

குழுத் தலைவர் கோயம்புத்தூர்க்காரர். ஓய்வு பெற்ற பேராசிரியர். கெஸ்ட் ஹவுஸ் மேசை மேல் அறிக்கை இருந்தது. பேனா அதற்கு மேல் இருந்தது. குற்றாலிங்கம் வெள்ளை வேட்டியில் ஒரு கூடை மங்குஸ்தானுடன் முன்னமே வந்துவிட்டார்.

"எஸ்டேட் சார்பா ஒரு சின்ன மரியாதை. எல்லாரும் எடுத்துக்கிடணும்."

ஜோயல் இரண்டு எடுத்துக்கொண்டான். அதில் ஒன்றைச் சாப்பிட்டு முடித்த பிறகு கூடையைத் தூக்கிப் பார்த்தான்.

"பழம் நல்லாருக்கு அண்ணாச்சி. கூடைதான் சுமாரு."

"என்ன தம்பி?"

"ஈச்ச ஓலைதானே? ரெண்டு நாள் சாரல்ல இருந்தா நாறிப்போவும். பெரிய எஸ்டேட்டு, கூடைல போய்க் கஞ்சத்தனம் பாக்கீயளே."

குற்றாலிங்கம் சிரித்தார். அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. "தம்பிக்கு எந்த ஊரு?"

"தென்காசி."

"தென்காசில பொறந்துட்டு ஈச்சையும் ஈத்தையும் தெரியல. அமுக்கிப் பாரும் வே. ஒடியுதா? ஏறி நில்லும்."

"எங்கயோ சந்தையில வாங்கினது மாதிரி இருக்கு."

"சந்தையிலயா? எங்க ஓடைக்கரை பூரா ஈத்தைதான். பத்து ஏக்கருக்குக் கொறையாது. வெட்ட வெட்டத் தளுக்கும். யானையே உள்ள நுழைய யோசிக்கும், அவ்வளவு அடைசல். எங்க தாத்தா காலத்துலேர்ந்து இந்தக் கூடைதான். சந்தையில வாங்குனதாம்."

அபர்ணா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உலகம்மை சிவப்பு வட்டமிட்ட தாளையும் ஒன்றரைப் பக்கக் கடிதத்தையும் தலைவர் முன் வைத்தாள். அவர் இரண்டையும் மெதுவாகப் படித்தார். பிறகு கூடையைத் தன் பக்கம் இழுத்தார்.

"ஈத்தைங்கறது என்னம்மா?"

"மூங்கில் இனம் சார்" என்றாள் அபர்ணா.

தலைவர் கோப்பைப் புரட்டி ஒரு கடிதத்தை எடுத்தார். ஒரே வரி என்பதால் உரக்கப் படிக்க நேரம் ஆகவில்லை. குற்றாலிங்கம் வேட்டி நுனியைச் சரிசெய்தார்.

"அது வக்கீல் எழுதினது சார். நான் கையெழுத்து மட்டுந்தான் போட்டேன்."

"இந்தக் கேஸ்ல எல்லாரும் படிக்காமத்தான் கையெழுத்துப் போட்டிருக்காங்க" என்றான் ஜோயல்.

"எங்களை ஈச்சங்காட்டுக்குக் கூட்டிட்டுப் போனது நீங்கதானே?" என்றார் தலைவர்.

"பேப்பர்ல உள்ள எடத்துக்குத்தான் கூட்டிட்டுப் போனேன்."

"சரி. இன்னைக்குப் பேப்பர்ல ஈத்தக்காடுன்னு இருக்கு. இது விசாரணை, அதனால நீயும் கூட வரலாம்மா." அவர் பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "ஜீப் இருக்கா?"

*

ஆறு மணிக்கு ஓடைக்கரையில் இருந்தார்கள். ஈத்தை இரு பக்கமும் எழுந்து மேலே கூடி நின்றது. உள்ளே வெளிச்சம் பச்சையாகவும் குறைவாகவும் இருந்தது. வெட்டிய தூர்களின் அருகே புதுக் குருத்துகள் விரல் தடிமனில் வந்திருந்தன. குற்றாலிங்கம் ஜீப்பிலேயே இருந்துவிட்டார்.

"பூச்சி வரலன்னா?" என்று ஜோயல் மெல்லக் கேட்டான். அவன் தன் காலில் ஏறிய அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

"வரலன்னா இடம் மட்டுந்தான் நிஜம்" என்றாள் உலகம்மை. "படம் இன்னும் சந்தேகந்தான்."

ஆறு இருபது. ஆறு முப்பது. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அபர்ணா எதையும் பார்க்கவில்லை. ஒரே ஈத்தத் தண்டின் அடிப்பக்கத்தில் கண்ணை வைத்திருந்தாள்.

ஆறு முப்பத்தைந்துக்கு அந்தத் தண்டிலிருந்து காய்ந்த இலை ஒன்று விழுந்தது. தரையைத் தொடவில்லை. முழங்கால் உயரத்தில் தயங்கித் தயங்கிப் பறந்தது. ஒரு கணம் சிறகு விரிந்தபோது, கருத்த பழுப்பின் குறுக்கே வெளிறிய ஊதாப் பட்டை தெரிந்தது. ஓடையைத் தாண்டி எதிர்ப் புதரில் உட்கார்ந்து மறுபடியும் இலையானது.

தலைவர் வெகுநேரம் அந்த இலையைப் பார்த்தார்.

"முப்பத்திரண்டு வருஷம் பாடம் நடத்தியிருக்கேன்" என்றார். "படத்துலதான் பாத்திருக்கேன்."

பிறகு குரலைச் சரிசெய்துகொண்டார். "ரெண்டு வருஷத்துல எத்தனை பாத்ததா உன் நோட்டுல எழுதியிருக்கே?"

"பதினொண்ணு சார்."

"அப்ப இதோட பன்னிரண்டு."

"இல்ல சார்." அபர்ணா எதிர்ப் புதரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போன வாரம் கேட்டுக்கு வெளியிலேர்ந்து பைனாகுலர்ல பாத்ததுதான் பதினொண்ணாவது. வலது சிறகு நுனி பிஞ்சிருந்துது. இதுக்கும் பிஞ்சிருக்கு. ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும். சேக்கக் கூடாது."

ஜோயல் கண்ணை மூடிக்கொண்டான்.

தலைவர் கோப்பைத் திறந்தார். அறிக்கையின் முதல் பக்கத்தை எடுத்து, 'போலி' என்ற சொல்லின் மேல் ஒரு கோடு போட்டார். போதாது என்று நினைத்தோ என்னவோ, தாளையே நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்துக் கோப்பின் மேல் வைத்தார்.

"சரிம்மா" என்றார். "பதினொண்ணுன்னே எழுதிக்கறேன். நீ சொல்லு."